திருப்பூர் செய்தி பீகார் வழியாக வந்த வாரம்

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூரில் என்ன நடக்கிறது என்று, திருப்பூரில் இருந்த எங்களுக்கே பீகாரிலிருந்துதான் தகவல் வந்தது. அங்கே இருந்த அம்மாக்களும் மனைவிகளும் போன் மேல் போன் போட்டு, "உயிரோடு இருக்கிறாயா? கதவைப் பூட்டிக்கொள், முதல் ரயிலில் கிளம்பி வா" என்று அழுதார்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள், இந்தி பேசினால் அடித்துக் கொல்கிறார்கள் என்று அங்கே ஊர் ஊராக வீடியோ பரவியிருந்தது. இங்கே எங்கள் தெருவில் வழக்கம்போலக் காலை எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் அனுப்பர்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறோம். பெரிய கம்பெனிகள் கட்டிங் முடித்துத் தரும் பீஸ்களைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். டெய்லர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். டெய்லருக்குத் துணையாக இருக்கிற கைமடி வேலைக்கும், தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங்குக்கும் உள்ளூர்ப் பெண்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற இந்த ஊரில் எங்களைப் போல யூனிட் வைத்திருப்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. வெளியூர் ஆட்கள் ஒரு வாரம் வராவிட்டால் எங்களில் பலர் ஷிப்மென்ட் தேதியைத் தவறவிடுவோம். அதனால் அந்த வாரம் வதந்தி எங்களுக்கு வெறும் பேச்சாக இல்லை. சம்பளமாக, வட்டியாக, எல்லாவற்றுக்கும் மேலாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்களின் பயமாக இருந்தது.

எங்கள் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் முசாஃபர்பூர் பக்கத்துக்காரர். பல வருடமாக இங்கேதான் இருக்கிறார், தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் போனை நீட்டி, "அக்கா, இது எந்த இடம்? நம்ம ஊரா?" என்று கேட்டார். தினமும் நடந்து போகிற ஊரைப் பற்றி என்னிடம் கேட்கிறாரே என்று முதலில் தோன்றியது. ஆனால் அந்த வீடியோவை அனுப்பியவர் அவருடைய சொந்த அண்ணன். திருப்பூரில் அவர் பார்த்தது ரூம், கம்பெனி, மளிகைக் கடை, ஞாயிற்றுக்கிழமை சந்தை, அவ்வளவுதான். பார்க்காத தெருக்கள் நூறு இருக்கின்றன. அந்தத் தெருக்களில் என்ன நடக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? உள்ளூர்ச் செய்தித்தாள் தமிழில் வருகிறது. அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் அண்ணனின் வீடியோ வந்து உட்கார்ந்தது. வதந்தியை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று பேசுவதை அன்றோடு நான் காதுகொடுத்துக் கேட்பதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருமாக அந்த வீடியோவைப் பார்த்தோம். கட்டிங் மாஸ்டர்தான், "முதல்ல சத்தத்தை நிறுத்துங்க" என்றார். அது எவ்வளவு சரி என்று பிறகு பலமுறை எனக்குப் புரிந்தது. வீடியோவின் மேல் யாரோ பேசுகிற குரல், சோக இசை, அலறல் எல்லாம் சேர்ந்துதான் 'இது தமிழ்நாடு' என்று நம்ப வைக்கின்றன. சத்தத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஏதோ ஒரு தெரு. அந்தத் தெருவில் கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது? வண்டி எண் தெரிகிறதா? திருப்பூர் வடக்கு என்றால் டிஎன் 39, தெற்கு என்றால் டிஎன் 42. ஆட்கள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்களா? மார்ச் மாதத் திருப்பூரில் யார் ஸ்வெட்டர் போடப் போகிறார்கள்? நாங்கள் பார்த்த வீடியோவில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. அப்புறம் படத்தை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டோம். பின்னால் கத்துகிறவர்கள் பேசியது தமிழே இல்லை என்பதைக் கைமடி அக்காக்களே சொல்லிவிட்டார்கள்.

கல்லூரியில் படிக்கிற எங்கள் மகள் இன்னும் ஒரு வழி காட்டினாள். கட்டடமோ பலகையோ தெளிவாகத் தெரிகிற இடத்தில் வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுவது. அதே படம் இதற்கு முன் எங்கே, எந்தத் தேதியில் வந்தது என்று பார்க்கலாம். முதலில் வருகிற முடிவோடு நிறுத்தக் கூடாது, பழைய தேதி கிடைக்கும்வரை கீழே போக வேண்டும் என்றாள். எல்லா வீடியோவுக்கும் இது பலன் தராது, முகம் மட்டும் தெரிகிற மங்கலான படங்களில் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தால் மட்டும் பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

அந்த வாரம் சுற்றிய வீடியோக்கள் எங்கிருந்து வந்தவை என்பது பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் பிப்ரவரியில் நடந்த ஒரு வழக்கறிஞரின் கொலை. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு இரண்டு வீடியோக்களைக் குறிப்பிட்டு, ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு தரப்புக்கு இடையே நடந்த மோதல் என்று விளக்கினார். காயம்பட்டவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிற ஒரு வீடியோவோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து நடித்து எடுத்தது என்று பீகார் போலீஸே கண்டுபிடித்துச் சொன்னது. இந்தி பேசியதற்காக 12 பேரைத் தூக்கில் போட்டார்கள் என்று ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளர் ட்விட்டரில் எழுதியிருந்தார். அவரை மன்னிப்புக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் சொன்னது. ஒரு பெரிய இந்தி நாளிதழின் ஆசிரியர் மீதும் இங்கே வழக்குப் பதிவானது. அச்சில் வந்தால் உண்மை என்று நினைக்கிற தலைமுறையில் வளர்ந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

ஏன் அந்த நேரத்தில்? மார்ச் 1-ஆம் தேதி சென்னையில் முதல்வர் ஸ்டாலினின் பிறந்தநாள் கூட்டத்துக்குப் பீகாரின் அப்போதைய துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் வந்திருந்தார். நம் ஆட்கள் அங்கே சாகிறார்கள், இவர் அங்கே போய் விழா கொண்டாடுகிறார் என்று அங்குள்ள எதிர்க்கட்சி சட்டமன்றத்தில் அமளி செய்தது. ஒரு வதந்தி திடீரென்று வேகம் எடுத்தால், அதனால் இந்த வாரம் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பார்ப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டது இதற்குப் பிறகுதான். பதில் எப்போதும் கிடைக்காது. இந்த விஷயத்தில் காலண்டரைப் பார்த்தாலே பாதி விளங்கியது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வதந்தி ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை. அந்த ஜனவரி கடைசியில் எங்கள் பக்கமே ஒரு வீடியோ பரவியது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து தமிழர்களை விரட்டுகிற காட்சி. பார்த்தவர்கள் ரத்தம் கொதித்துப் பேசினார்கள். டீக்கடையில் ஆரம்பித்த ஒரு தகராறு, இரண்டு வாரம் முன்பு பொங்கல் சமயத்தில் நடந்து முடிந்தது என்று போலீஸ் சொன்னது. சிலர் கைதும் ஆனார்கள். பழைய சண்டையை இன்று நடந்ததுபோல் சுற்ற விட்டதும் 'நம்ம ஊரை அவங்க பிடிச்சுட்டாங்க' என்ற பேச்சு டீக்கடைகளில் தொடங்கியது. பிப்ரவரியில் ஓடும் ரயிலில் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிற வீடியோ வந்தது. அது பொய்யில்லை, உண்மையாகவே நடந்தது, அடித்தவரை ரயில்வே போலீஸ் கைது செய்தது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், மார்ச்சில் எங்கள் ஆட்களுக்குத் தைரியம் சொல்லும்போது, "இங்கே அப்படி எதுவுமே நடக்காது, எல்லாம் பொய்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. என் வீட்டுக்காரர் தடுத்தார். "ரயில்ல அடிச்சது அவங்களுக்குத் தெரியும். நாம எதுவுமே நடக்கலைன்னு சொன்னா, அடுத்தது எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க" என்றார். அதனால் ரயிலில் அடித்தது உண்மை, அதற்குக் கைது நடந்தது உண்மை, இந்த வீடியோ மட்டும் நம் ஊர் இல்லை என்று மூன்றையும் சேர்த்தே சொன்னோம். பொய்யை மறுக்கும்போது கசப்பான உண்மையையும் கூடவே ஒப்புக்கொண்டால்தான் மறுப்பு எடுபடும். அந்த முசாஃபர்பூர்க்காரர் தன் அண்ணனுக்கு போன் போட்டுப் பேசியதும் இதே வரிசையில்தான்.

அதே நாட்களில் திருப்பூர் ரயில் நிலையம் பக்கம் பீகாரைச் சேர்ந்த ஒரு தொழிலாளி தண்டவாளத்தில் இறந்து கிடந்தார். கொன்று போட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ரயில்வே போலீஸ் நிலையத்தில் திரண்டுவிட்டார்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதியது சிசிடிவி பதிவில் இருந்ததாகப் போலீஸ் சொன்னது. அன்று என் மனதில் ஒரு வேறுபாடு தெளிவானது. 'வதந்திகளை நம்ப வேண்டாம்' என்பது வெறும் வேண்டுகோள். 'இன்ன இடம், இன்ன நேரம், இதோ பதிவு' என்பது பதில். அரசு சொன்னாலும், போலீஸ் சொன்னாலும், கம்பெனி சொன்னாலும், அந்த இரண்டாவது வகையா என்று பார்த்துத்தான் நான் ஏற்கிறேன். மறுப்பதில் அவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. எங்களுக்கும்தான் இருந்தது, ஆட்கள் போய்விட்டால் தையல் நின்றுவிடுமே.

ரயில் நிலையக் கூட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். திருப்பூர், கோவை நிலையங்களில் மூட்டை முடிச்சோடு தொழிலாளர்கள் நிற்கிற படங்கள் நாடு முழுக்கப் போயின. 'உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்று தலைப்பு. படம் உண்மை, நம் நிலையம்தான், அந்த வாரம்தான். ஆனால் மார்ச் 8-ஆம் தேதி ஹோலி. வருடா வருடம் ஹோலிக்கு முன்னால் அந்தப் பிளாட்பாரம் அப்படித்தான் இருக்கும். அந்த வருடம் பயந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அதையும் மறுக்க முடியாது. எங்கள் யூனிட்டிலேயே ஹோலிக்கு லீவு சொல்லியிருந்தவர்கள் சிலர், வீட்டில் அழுததால் முன்கூட்டியே கிளம்பியவர்கள் சிலர். ஒரு படத்தைப் பார்த்து இவர் எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது, அவரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். போலிப் படத்தைக் கண்டுபிடிப்பதைவிட, உண்மையான படத்துக்குப் போட்ட தவறான தலைப்பைக் கண்டுபிடிப்பது கடினம். இன்று நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் தலைப்பை விரலால் மறைத்துவிட்டு, இந்தப் படம் தானாக என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்க்கிறேன்.

அப்படிக் கேட்க வந்தவர் ஒருவர் இருந்தார். ஒரு தமிழ் நாளிதழின் செய்தியாளர், டூவீலரில் வந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் ரயில் நிலைய வாசலில் மைக்கோடு நின்றுகொண்டிருந்த நேரம், இவர் தெருத் தெருவாக யூனிட்டுகளுக்குள் வந்துகொண்டிருந்தார். கூட இந்தி தெரிந்த ஒரு பையன். என்னிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கக்கா, நீங்க நிக்கும்போது அவங்க முழுசாப் பேச மாட்டாங்க" என்றார். வெளியே போய் நின்றேன். உள்ளே அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. தாக்குதல் எதையும் நேரில் பார்த்தவர் யாரும் இல்லை, வீடியோ பார்த்துப் பயந்தவர்கள்தான் என்று தெளிவாக எழுதியிருந்தார். அதோடு, ஒரே ரூமில் பத்துப் பேர் தங்குவது, அதற்கு வாங்குகிற வாடகை, வார விடுமுறை இல்லாமல் ஓடுகிற சீசன் வேலை எல்லாமும் இருந்தன. எங்கள் தெருவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்தச் செய்தி மேல் மரியாதை வந்ததே அதனால்தான். முதலாளிகளுக்காக எழுதியிருந்தால் முதல் பாதியோடு முடித்திருப்பார். பரபரப்புக்காக எழுதியிருந்தால் முதல் பாதியே இருந்திருக்காது.

எனக்கு இன்று ஒரு செய்தியை நம்புவதற்கான முதல் கேள்வி இதுதான்: யார் அங்கே போனார்? பெயர் போட்டிருக்கிறதா, எந்த ஊரிலிருந்து எழுதியிருக்கிறார், எத்தனை பேரிடம் பேசியிருக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் கேட்டாரா? 'சமூக வலைதளங்களில் வைரலாகி வருகிறது' என்று தொடங்குகிற செய்தியில் பெரும்பாலும் யாரும் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள். போனில் வந்ததையே எடுத்துத் திரும்ப நமக்குப் பரிமாறியிருப்பார்கள்.

அங்கே போகிறவர்களின் நிலைமை என்ன என்பதை எங்கள் மாவட்டமே காட்டியது. 2024 ஜனவரியில் பல்லடம் பகுதியில் ஒரு தனியார் தொலைக்காட்சியின் செய்தியாளரை ஒரு கும்பல் வெட்டியது. தன்னைச் சிலர் பின்தொடர்கிறார்கள், நோட்டம் விடுகிறார்கள் என்று அவர் போலீஸுக்குப் பலமுறை போன் செய்து உதவி கேட்டிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் நடந்தது. அந்த ஒலிப்பதிவு பிறகு வெளியே வந்தது. அதை என்னால் கடைசிவரை கேட்க முடியவில்லை. பெரிய நகரத்துப் பத்திரிகையாளருக்கு ஏதாவது ஆனால் நாடு முழுக்கப் பேச்சாகும். 2017-இல் பெங்களூருவில் கௌரி லங்கேஷைச் சுட்டுக் கொன்றபோது அப்படித்தான் ஆனது. தாலுகா செய்தியாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மணல், கல்குவாரி, சாயக்கழிவு என்று எழுதுகிறவர் அதே ஊரில்தான் குடியிருக்கிறார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர் கடை வழியாகத்தான் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறார். பலருக்கு நிலையான சம்பளமே இல்லை. விளம்பரம் பிடித்துத் தந்தால்தான் கையில் காசு என்கிற நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விளம்பரம் கொடுக்கிறவரைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்?

மேலிருந்து வருகிற நெருக்கடி வேறு மாதிரி. அமெரிக்காவிலிருந்து இந்தியர்களைச் சங்கிலி போட்டுத் திருப்பி அனுப்பிய நாட்களில், 2025 பிப்ரவரியில், பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. எத்தனையோ பேர் தினமும் படிக்கிற ஒரு தளம், ஒரு நாள் மாலை திறக்கவே இல்லை. அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தடையை நீக்க வேண்டும் என்று மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. போலிச் செய்திகளைச் சரிபார்க்கிற ஆல்ட் நியூஸின் முகமது ஜுபைரை, நான்கு வருடம் பழைய ஒரு ட்வீட்டுக்காக 2022 ஜூனில் கைது செய்தார்கள். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்து ஜூலையில் வெளியே வந்தார். அடுத்த மார்ச்சில் திருப்பூர் வீடியோக்களை ஒவ்வொன்றாக எடுத்து எந்த ஊர் என்று போட்டு உடைத்தவர்களில் ஆல்ட் நியூஸும் உண்டு. அந்த வாரம் எங்களுக்கு வந்து சேர்ந்த உதவி அது. அப்படிப்பட்டவர்களின் வாயை அடைத்தால் நஷ்டம் யாருக்கு என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசே உண்மை சரிபார்க்கும் குழு வைப்பதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மத்திய அரசிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் 2023-இல் தொடங்கினார்கள். ஓர் அரசாணை உண்மையா, ஒரு திட்டம் இருக்கிறதா என்று பார்க்க அவை பயன்படும், நானும் பார்க்கிறேன். ஆனால் அரசைப் பற்றிய செய்தி பொய்யா இல்லையா என்பதை அரசே தீர்ப்பு சொல்வது எப்படிச் சரியாகும்? மத்திய அரசு அப்படி ஓர் அதிகாரத்தைச் சட்ட விதியாகவே கொண்டுவந்தபோது, மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் என் கருத்து இதுவே.

சரி, நாங்கள் தினசரி என்ன செய்கிறோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் ஒரு தமிழ் நாளிதழ், அதுவும் மாவட்டப் பக்கத்தை முதலில். காசு கொடுத்து ஒரு இணையப் பத்திரிகைக்குச் சந்தா. அவற்றில் எழுதுகிற மூன்று நான்கு செய்தியாளர்களின் பெயர் பரிச்சயம் ஆனதும், யார் ஆழமாக எழுதுகிறார், யார் அறிக்கையை அப்படியே போடுகிறார் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. பெரிய விஷயம் என்றால் நமக்குப் பிடிக்காத பக்கத்துப் பத்திரிகையிலும் அதே செய்தியைப் படிக்கிறேன். இரண்டிலும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் நடந்தது, வேறுபடுவது பெரும்பாலும் அவரவர் அபிப்பிராயம். இரவு நேர விவாத நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டோம். அதில் கோபம் கிடைக்கிறது, தகவல் கிடைப்பதில்லை.

நியூஸ் கார்டு விஷயத்தில் மட்டும் இரட்டை எச்சரிக்கை வேண்டும். பெரிய சேனல்களின் லோகோ, நிறம், எழுத்து எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்து, தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாகப் போட்டு அனுப்புகிறார்கள். தேர்தல் நேரத்தில் தினமும் வரும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த கார்டை நம்பாமல், அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்கே போய் அந்தத் தேதியில் அது இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் யூனிட்டில் செக்கிங் பெண்கள் இதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பீஸில் தையல் விட்டுப் போன இடத்தைக் கண்டுபிடிக்கிற கண் அவர்களுக்கு. எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும், தேதி இல்லாவிட்டாலும் உடனே சொல்லிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு 'பல முறை பகிரப்பட்டது' என்று வந்தால், அனுப்பியவர் எழுதியது இல்லை என்பது நிச்சயம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான். ஊரே கூடி அடித்ததில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இறந்து போனார். அந்த வருடம் இந்தியாவில் பல ஊர்களில் இப்படி நடந்த பிறகே, ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் செய்தது. அடித்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். 'உண்மையா பொய்யா தெரியவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்புகிறேன்' என்று எழுதுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். தெரியவில்லை என்றால் அனுப்பாமல் வைத்திருங்கள். காலையில் பத்திரிகை வரும்வரை பொறுத்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

சொந்தக்காரர்கள் குழுவில் யாராவது பொய்யான ஒன்றைப் போட்டால், எல்லோர் முன்பும் 'இது பொய்' என்று பதில் போடுவதை விட்டுவிட்டேன். பெரியவர்களுக்கு அது அவமானம், அடுத்த நிமிடமே அவர் அந்தப் பொய்யைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். தனியாகக் கூப்பிட்டு, "இது எங்கிருந்துங்க மாமா வந்துச்சு?" என்று கேட்பேன். யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார் என்று அவரே தேடும்போது பெரும்பாலும் மூன்றாவது ஆளோடு வழி மறைந்துவிடும். அப்புறம் அவரே குழுவில் அழித்துவிடுவார். ஆடியோ என்றால் இன்னும் பொறுமை வேண்டும். தலைவர்களின் குரலையே செயற்கையாக உருவாக்குகிற காலம் இது. 'குரல் அவருடையதுதான்' என்பது இனி சாட்சி ஆகாது, எந்த மேடையில், எந்தத் தேதியில் பேசினார் என்று கேட்க வேண்டும்.

எங்கள் முசாஃபர்பூர்க்காரர் அந்த ஹோலிக்கு ஊருக்குப் போனார், திரும்பியும் வந்தார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரி பாலமுருகன் தலைமையிலான நால்வர் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடம் பேசிவிட்டுப் போனதும், தமிழ்நாடு போலீஸ் இந்தியிலேயே அறிவிப்பு வெளியிட்டதும் அவர் ஊரில் பேசப்பட்டதாகச் சொன்னார். அங்குள்ளவர்கள் முழுதாக நம்பியது இங்கிருந்து திரும்பிப் போன ஆட்களை நேரில் பார்த்த பிறகுதானாம். இப்போது எங்கள் யூனிட்டில் ஏதாவது பெரிய செய்தி என்றால் மதியம் அவர்தான் இந்தியில் எடுத்துச் சொல்கிறார். நாங்கள் பத்திரிகையைப் படிக்கப் படிக்க அவர் மொழிபெயர்க்கிறார். அது முடிந்ததும் ரூமில் இருப்பவர்களுக்குத் தன் குரலிலேயே அனுப்பிவிடுகிறார்.

என் மாமாவும் இப்போதெல்லாம் குழுவில் போடுவதற்கு முன் எனக்குத் தனியாக அனுப்பி, "கண்ணு, இது நெசமா பாத்துச் சொல்லு" என்கிறார். பல சமயம் பொய்யாக இருக்கும். சில சமயம், "இன்னும் தெரியலீங்க மாமா, காலைல சொல்றேன்" என்று சொல்வேன். போன மாதம் அவர் அனுப்பியது இரண்டு நாள் குடிநீர் வராது என்ற அறிவிப்பு. மாநகராட்சிப் பக்கத்தில் பார்த்தேன், உண்மைதான். அன்று மாலையே தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு, ரூம்காரர்களுக்கும் இந்தியில் சொல்லியனுப்பினோம்.